மின்பிறப்பாக்கி வாங்குமுன் ஒரு கணக்கு

மாரி தொடங்கும் காலத்தில் எமது கிராமங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழுகின்றது. “சுவாமி, கரண்ட் போனால் நாலு நாளைக்கு வராது. கடன்பட்டெண்டாலும் ஒரு ஜெனரேற்றர் எடுத்துப் போடுவமோ?” என்று கேட்கின்றனர். கேட்பவர்கள் பலமுறை இடம்பெயர்ந்து, இருந்ததை எல்லாம் இழந்து, மீண்டும் ஒரு கொட்டிலும் ஒரு கிணறும் ஒரு துண்டு வயலுமாக வாழ்வைத் தொடங்கிய குடும்பங்கள். ஆகவே இந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்லிவிட முடியாது. தவறான பதில் ஒரு குடும்பத்தைக் கடனில் தள்ளும். சில வேளைகளில் உயிரையும் பறிக்கும்.

கேள்வியில் நியாயம் இல்லாமலும் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது 600 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பல மாவட்டங்களில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் ஒருங்கே அற்றுப்போயின. அதே ஆண்டு பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதுமே இருளில் மூழ்கியது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. மின்சாரம் எப்போதும் வரும் என்று நம்பியிருக்க முடியாது என்பதை இவை எமக்குக் கற்றுத் தந்துள்ளன. ஆனால் மின்சாரம் வராதபோது ஒரு வீட்டுக்கு என்ன வேண்டும் என்பது வேறு கேள்வி. அதை முதலில் கேட்க வேண்டும் என்பதே எமது கருத்து.

இருள் எமக்குப் புதிதல்ல

1990 ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்ட பின்னர் யாழ்ப்பாணக் குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரமின்றி இருந்தது. அப்போது சிறுவர்களாக இருந்த நாம், ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு மண்ணெண்ணெயும் பஞ்சுத் திரியும் இட்ட விளக்கில் படித்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுழற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் பெரியவர்கள் வானொலிச் செய்தி கேட்டார்கள். பெற்றோல் கிடைக்காத அந்தக் காலத்தில் ஒரு சொட்டுப் பெற்றோலால் உசுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓடிய வாகனங்களை எல்லாரும் கண்டிருக்கின்றோம்.

அந்தக் காலத்தைப் பெருமையாகப் பேசுவது எமது நோக்கமன்று. அது வறுமையின் காலம். விளக்குச் சரிந்து எரிகாயம் பட்ட குழந்தைகளின் காலம். ஆனால் அந்த மக்களிடம் ஒரு தெளிவு இருந்தது. வெளிச்சத்துக்குச் சிறிது, செய்திக்குச் சிறிது, தண்ணீருக்குத் தனி வழி என்று பிரித்துப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் ஒரே இயந்திரத்தின் தலையில் கட்டவில்லை. அந்தப் பிரித்துப் பார்க்கும் பழக்கத்தை நாம் இன்று மறந்துவிட்டோம்.

எதற்கு வேண்டும்?

ஒரு தாளை எடுத்து, மின்சாரம் மூன்று நாட்கள் வராவிட்டால் வீட்டில் எது நின்றுபோகக் கூடாது என்று எழுதிப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் பட்டியல் குறுகியதாகவே இருக்கும். இரவில் பாம்பு, பூச்சி தெரிய வெளிச்சம். வெள்ள எச்சரிக்கையைக் கேட்க வானொலியும் கைத்தொலைபேசியும். குடிக்கத் தண்ணீர். நோயாளி இருந்தால் அவருக்கு வேண்டியது. தொலைக்காட்சி, மின்விசிறி, குளிர்சாதனப்பெட்டி என்பவை நல்லவைதான்; ஆனால் மூன்று நாட்கள் அவை இல்லாவிட்டால் உயிர் போகாது.

இனி இந்தச் சிறு பட்டியலைக் கணக்கிடுவோம். 5 வாற்று எல்.ஈ.டி. குமிழ்கள் மூன்று, இரவில் 5 மணித்தியாலம் எரிந்தால் 75 வாற்று மணி. இரண்டு கைத்தொலைபேசிகளுக்கு மின்னேற்ற ஏறக்குறைய 30. வானொலிக்கு 20. எல்லாம் சேர்த்து ஓர் இரவுக்கு 125 வாற்று மணி. 12 வோல்ற்று, 40 அம்பியர் மணி அளவுள்ள ஓர் ஈய பற்றரியில் 480 வாற்று மணி உண்டு. ஈய பற்றரியின் ஆயுளைக் காக்க அதில் அரைவாசியைத்தான் எடுக்க வேண்டும், அது 240. ஆகவே வெயிலே வராவிட்டாலும் ஏறக்குறைய இரண்டு இரவுகள் சமாளிக்கலாம்.

50 வாற்று சோலார் தகடு ஒன்று நல்ல வெயில் நாளில் 200 வாற்று மணி அளவில் தரும். மாரியில், மப்பு மூடிய நாளில் அதில் நாலில் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். இதை விற்பனையாளர் சொல்லமாட்டார். நாம் சொல்லியாக வேண்டும். ஆகவே வசதியுள்ளவர்கள் 100 வாற்று தகட்டை எடுப்பது நல்லது. வசதியில்லாதவர்கள் மழை நாளில் ஒரு குமிழோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வாகன பற்றரியை வாங்க வேண்டாம். அது இயந்திரத்தை உசுப்புவதற்காகச் செய்யப்பட்டது. தொடர்ந்து வடித்தெடுத்தால் விரைவில் கெட்டுவிடும். சோலாருக்கென்று செய்த பற்றரியையும், மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் கருவியையும் கேட்டு வாங்குங்கள். லிதியம் பற்றரிக்கு விலை கூட. ஆனால் அதன் கொள்ளளவில் பெரும்பங்கைப் பயன்படுத்தலாம், பல ஆண்டுகள் உழைக்கும்.

இதே மூன்று குமிழுக்கும் இரண்டு தொலைபேசிக்கும் 1 கிலோவாற்று பெற்றோல் இயந்திரத்தை ஓட்டினால் என்ன நடக்கும்? அது அரைவாசிச் சுமையில் மணிக்கு அரை லீற்றர் அளவில் குடிக்கும். சுமை குறைந்தால் குடிப்பது ஓரளவு குறையும்; சுமைக்கு ஏற்ப அந்த அளவுக்குக் குறையாது. ஓர் இரவுக்கு ஒன்றரை, இரண்டு லீற்றர் போய்விடும். ஒரு வாளி தண்ணீர் கொண்டுவர உழவு இயந்திரத்தை ஓட்டுவது போன்றது இது.

எரிபொருள் எங்கே கிடைக்கும்?

மின்பிறப்பாக்கியை நம்புபவர் எரிபொருளை நம்புகின்றார். 2022 ஆம் ஆண்டை மறந்துவிட முடியாது. மின்சாரம் இல்லாத அதே நாட்களில்தான் பெற்றோலும் டீசலும் மண்ணெண்ணெயும் இல்லாமல் போயின. கான்களில் எரிபொருள் வழங்குவது தடுக்கப்பட்டது. ஜூலையில் கியூ.ஆர். முறை வந்து, ஒவ்வொரு வாகனத்துக்கும் வாரத்துக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தார்கள். மின்பிறப்பாக்கி வைத்திருந்தவர்கள் அதை ஒரு மூலையில் சாக்குப் போட்டு மூடிவிட்டு, மற்றவர்களைப் போலவே வரிசையில் நின்றார்கள். வெள்ள காலத்திலும் வீதி துண்டிக்கப்பட்டால் இதே நிலைதான்.

எரிபொருளைச் சேமித்து வைக்கலாமே என்பர். பெற்றோல் சில மாதங்களில் பழுதாகி, இயந்திரத்தின் காபரேற்றரைப் பசைபோல் அடைத்துவிடும். ஓலைக் கூரை வீட்டில், விளக்கெரியும் இடத்தில், குழந்தைகள் படுக்கும் அறையில் பெற்றோல் கானை வைப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை விளக்க வேண்டியதில்லை. சோடாப் போத்தலில் மண்ணெண்ணெய் வைத்து, தாகத்தில் குழந்தை எடுத்துக் குடித்த துயரம் எந்த மருத்துவமனைக்கும் புதிதல்ல.

தண்ணீருக்கு வேறு வழி

“வெளிச்சம் சரி, தண்ணீர் மோட்டாருக்கு என்ன செய்வது?” என்பது அடுத்த கேள்வி. அரைக் குதிரைவலு மோட்டார் ஓடும்போது 500, 600 வாற்று எடுக்கும்; தொடங்கும் கணத்தில் அதைப்போல் மூன்று, நான்கு மடங்குக்கு மேல் இழுக்கும். 1 கிலோவாற்று இயந்திரம் அங்கே முக்கி நின்றுவிடும். குறைந்தது 2 கிலோவாற்று வேண்டும். பல குடும்பங்கள் பெரிய இயந்திரத்துக்குப் போவது இதனால்தான்.

ஆனால் தோட்டக்காரர் பலரிடம் ஏற்கனவே மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரம் உண்டு. அது எரிபொருளைக் கொண்டு நேரடியாக நீரை இறைக்கின்றது. எரிபொருளில் மின்சாரம் உண்டாக்கி, அந்த மின்சாரத்தில் மோட்டாரை ஓட்டி, அதன் பிறகு நீரை இறைப்பது இரட்டை நட்டம். இருக்கும் இயந்திரத்தை மாரிக்கு முன் திருத்தி, ஒயில் மாற்றி, உறிஞ்சு குழாயின் வால்வைச் சரிபார்த்து வைப்பது புதியது வாங்குவதைவிட மேல்.

குடிநீருக்கு இதைவிட எளிய வழி உண்டு. மோட்டார் பூட்டிய உடனே கிணற்றுக் கப்பியையும் கயிற்றையும் கழற்றி எறிந்தவர்கள் எம்மில் பலர். கப்பியை மீண்டும் பூட்டுங்கள். திறந்த கிணறுள்ள வீட்டில் ஒரு வாளியும் கயிறும் எந்தப் புயலிலும் பழுதாகாது. குழாய்க் கிணற்றை மட்டும் நம்பியிருக்கும் வீடுகள் மழைக்கு முன் தாங்கியை நிரப்பி வைக்க வேண்டும். பக்கத்து வீட்டுத் திறந்த கிணற்றோடு உறவை முறித்துக்கொள்ளவும் கூடாது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகின்றோம். கூரையில் பெரிய சோலார் தகடுகள் பூட்டி, மின்சாரத்தை விநியோக வலையமைப்புக்கு விற்கும் வீடுகளும் மின்வெட்டில் இருளில் இருக்கும். பற்றரி இல்லாத அத்தகைய தொகுதி, வெளி மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடுமாறு செய்யப்பட்டுள்ளது. கம்பத்தில் ஏறும் ஊழியரைப் பாதுகாக்க இந்த ஏற்பாடு. “கூரை முழுக்கச் சோலார், எனக்கென்ன கவலை” என்றிருப்பவர்கள் இதை விசாரித்து அறிந்துகொள்ள வேண்டும்.

வாங்கத்தான் வேண்டுமானால்

சிலருக்கு மின்பிறப்பாக்கி உண்மையிலேயே தேவை. ஒட்சிசன் இயந்திரத்தில் இருக்கும் நோயாளி உள்ள வீடு, கோழிக்குஞ்சு பொரிக்க வைப்பவர், பால் குளிரூட்டும் நிலையம், தையல் இயந்திரங்களை நம்பிய பெண்கள் குழு ஆகியோர் இதில் அடங்குவர். இவர்கள் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில.

பெட்டியில் பெரிதாக எழுதியிருப்பது பெரும்பாலும் ஒரு கணத்துக்குத் தரக்கூடிய உச்ச வலு. தொடர்ந்து தரும் வலு எவ்வளவு என்று கேளுங்கள். அதையே கணக்கில் எடுங்கள். கே.வீ.ஏ. என்று குறித்திருந்தால் அதை 0.8 ஆல் பெருக்கிப் பாருங்கள், 2.5 கே.வீ.ஏ. என்பது ஏறக்குறைய 2 கிலோவாற்று. சுருளின் கம்பி செம்பா அலுமினியமா என்று கேளுங்கள்; செம்பு நின்று பிடிக்கும். தொலைபேசி, கணினி போன்ற நுண்ணிய கருவிகளுக்கு இன்வேட்டர் வகை பாதுகாப்பானது. சுமை குறையும்போது வேகத்தைக் குறைத்து எரிபொருளையும் மிச்சப்படுத்தும். பெற்றோலில் ஒயில் கலந்து ஓட்டும் மலிவான சிறு இயந்திரங்கள் கலவை பிழைத்தால் விரைவில் இறுகிவிடும். டீசல் இயந்திரம் நீண்ட நேர, பாரமான வேலைக்கு நல்லது. இரண்டு குமிழுக்காக அதை ஓட்டினால் கரி படிந்து கெட்டுவிடும். பெற்றோல் இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்க்க வேண்டாம்.

உதிரிப்பாகம் கிளிநொச்சியில், வவுனியாவில், உங்களுக்குக் கிட்டிய பட்டினத்தில் கிடைக்குமா? திருத்தத் தெரிந்தவர் யார்? இதற்குப் பதில் இல்லையென்றால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். வாங்குமுன் கடையிலேயே சுமை கொடுத்து ஓட்டிப் பாருங்கள்.

இடம்பெயர்ந்து பழகிய எமக்கென்று ஒரு சோதனை உண்டு. இதைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போக முடியுமா? 5 கே.வீ.ஏ. இயந்திரம் 80 கிலோவுக்கு மேல் இருக்கும். தூக்க இருவர் போதாது. சிறிய இன்வேட்டர் இயந்திரம் 20 கிலோ அளவில் அடங்கும். 50 வாற்று தகட்டைச் சிறுவனும் தூக்குவான். தோட்டத்து இயந்திரத்தைக் கிணற்றடியில் புதைத்துவிட்டு வந்து, திரும்பிப் போனபோது குழி மட்டும் இருக்கக் கண்டவர்களுக்கு இந்தச் சோதனையின் பொருள் விளங்கும்.

உயிருக்கு உலை வைப்பவை

மழையும் களவுப் பயமும் சேர்ந்து பலரை ஒரு தவறு செய்ய வைக்கின்றன. இயந்திரத்தைக் குசினிக்குள்ளோ விறாந்தையிலோ வைத்து ஓட்டுகின்றார்கள். அதன் புகையில் காபனோரொட்சைட்டு எனும் நச்சுவாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலையிடி, தலைச்சுற்று, வாந்தி என்று தொடங்கும். உறங்குபவர் அதையும் உணராமலே இறந்துவிடுவார். யன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்பது தவறு. இயந்திரம் வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். நாலு கம்பும் ஒரு தகரமும் கொண்டு, நாற்புறமும் திறந்த ஒரு கூரை போட்டுக்கொள்ளுங்கள். களவுக்குப் பயமென்றால் சங்கிலி போட்டு மரத்தோடு பூட்டுங்கள். ஒருவர் மயங்கினால் உடனே வெளிக் காற்றுக்குக் கொண்டுவந்து மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

இரண்டாவது ஆபத்து மற்றவர் உயிருக்கு. இரண்டு முனையிலும் பிளக் பூட்டிய வயரால் இயந்திரத்தை வீட்டுச் சுவர்த் துளையில் செருகுவோர் உண்டு. அந்த மின்சாரம் வீட்டைத் தாண்டி வெளிக் கம்பிக்குப் போகும். மின்மாற்றியில் பின்னோக்கிச் சென்று ஆயிரக்கணக்கான வோல்ற்றாக உயரும். எமது வீட்டுக்கு வெளிச்சம் தரக் கம்பத்தில் ஏறிய மனிதர் அங்கே எமது கையால் இறந்துபோவார். மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு ‘சேஞ்ச் ஓவர்’ சுவிச் பூட்டாமல் வீட்டு வயரிங்கோடு இயந்திரத்தை இணைக்கவே கூடாது. அதற்குப் பணமில்லையென்றால் வயரை நீட்டிக் கருவியை நேரடியாக இயந்திரத்தில் செருகுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது பெற்றோல் ஊற்றாதீர்கள். அணைத்து, ஆறவிட்டு ஊற்றுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய இயந்திரத்தைத் திருத்துநர் பார்க்குமுன் உசுப்பாதீர்கள். பழைய ஒயிலைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள். சுன்னாகத்தில் மின் உற்பத்தி நிலையத்தின் எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்து, அயற் கிணறுகள் பாழாகி, வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று 2019 இல் தீர்ப்பானது. குடாநாட்டின் சுண்ணக்கல் நிலம் மேலே ஊற்றுவதைக் கீழே கொண்டுபோய்விடும்.

ஊருக்கு ஒன்று போதாதா?

எமது கருத்தை இப்போது சுருக்கிச் சொல்வோம். வெளிச்சமும் செய்தியும் ஒவ்வொரு வீட்டுக்கும் உரியவை. அதற்குச் சிறு தகடும் பற்றரியும் போதும். மின்பிறப்பாக்கி ஊருக்கு உரியது. பத்துப் பதினைந்து வீடுகள் சேர்ந்து, கிராம அபிவிருத்திச் சங்கத்தின் அல்லது கமக்காரர் அமைப்பின் பெயரில் நல்ல இயந்திரம் ஒன்றை வாங்கி, வெள்ளம் ஏறாத மேட்டில், பொது மண்டபத்தின் அருகே வைக்கட்டும். மழைக்காலத்தில் அங்கே தொலைபேசிகளுக்கு மின்னேற்றலாம். நோயாளிக்கு நெபுலைசர் பிடிக்கலாம். தாங்கிக்கு நீர் ஏற்றலாம்.

“பொதுச் சொத்து ஒருவரும் பார்க்காத சொத்து” என்று சிலர் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் உண்மை உண்டு. சங்கத்தின் இயந்திரம் தலைவரின் வீட்டில் ஓடிய கதைகளையும், ஒயில் மாற்றாமல் இறுகிய கதைகளையும் நாமும் அறிவோம். அதற்கு மருந்து உண்டு. பொறுப்பாக இருவர், அவர்களில் ஒருவர் பெண்; ஓடிய மணித்தியாலத்தை எழுத ஒரு கொப்பி; பாவிப்பவர் கட்டும் சிறு தொகை; மாதம் ஒருமுறை சுமை கொடுத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தல்; புதிய இயந்திரத்துக்கு முதல் 20 மணித்தியாலத்திலும் பின்னர் கையேட்டில் உள்ளவாறும் ஒயில் மாற்றல். மரண உதவிச் சங்கக் கணக்கைப் பிசகாமல் நடத்தும் ஊருக்கு இது முடியாத காரியமன்று.

உதவி வழங்கும் நிறுவனங்களுக்கும் ஒரு சொல். வீட்டுக்கு ஒன்றாக மலிவான இயந்திரங்களைப் பங்கிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஊருக்கு ஒரு நல்ல இயந்திரமும், அதைத் திருத்த இரு இளைஞருக்குப் பயிற்சியும், உதிரிப்பாகப் பெட்டியும் தாருங்கள். எரிபொருள் தட்டுப்பாடு வந்தால் இத்தகைய பொது இயந்திரங்களுக்கு முதலிடம் தர, பிரதேச செயலகம் இப்போதே ஒரு பட்டியலை எழுதி வைக்கட்டும்.

கடன் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. நுண்கடன் எமது பெண்களை எவ்வளவு நெருக்கியது என்றால், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018 இல் அரசே முன்வர வேண்டியிருந்தது. ஆண்டில் சில நாட்கள் மட்டும் ஓடும் இயந்திரத்துக்கு ஆண்டு முழுவதும் வாரந்தோறும் தவணை கட்டுவது யானையைக் கட்டித் தீனி போடுவதாகும். விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும்.

அடுத்த மழைக்கு முன் உங்கள் கிராமக் கூட்டத்தில் இந்தக் கணக்கை ஒருமுறை எல்லாருமாகப் போட்டுப் பாருங்கள். எந்த வீட்டில் நோயாளி இருக்கின்றார், எந்தக் கிணற்றில் கப்பி இருக்கின்றது, யாரிடம் திருத்திய இயந்திரம் இருக்கின்றது என்று எழுதிக்கொள்ளுங்கள். கடைக்குப் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.